வாரா வாரம் அஞ்சு நிமிஷம் ஓட்டியும் ஜெனரேட்டர் காலை வாரிடுச்சு. எங்கே தப்பு?

கூத்தப்பாக்கம் வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் கூத்தப்பாக்கத்துல இருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க. சுருக்கமாச் சொன்னா "பேட்டரியைப் பாருங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவீங்க, அதான்.

எங்க வீட்டுல 5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் இருக்கு. ஒத்தை சிலிண்டர், ஏர் கூல்டு, பெட்டிக்குள்ள வர்ற சைலன்ட் மாடல். தானே புயல் அடிச்சுது இல்லையா, 2011 டிசம்பர் 30, அப்ப எங்க தெருவுக்குக் கரண்ட் திரும்ப வர பதினெட்டு நாள் ஆச்சு. அந்த வருஷம் பொங்கலுக்கு மெழுகுவத்தி வெளிச்சத்துலதான் எங்க அம்மா கோலம் போட்டாங்க. அந்தக் கோபத்துலயே அப்பா 2012ல இதை வாங்கிப் பின்பக்கம் ஷெட் போட்டு வச்சார்.

வாங்கின நாள்லேருந்து ஒரு சடங்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில காபி குடிச்ச கையோட போய் ஸ்டார்ட் பண்ணுவார். அஞ்சு நிமிஷம் ஓடும். நிறுத்திடுவார். லோடு, அதாவது ஃபேன், ஹீட்டர்னு கரண்ட் இழுக்கிற எதையும் போட மாட்டார், "சும்மா ஓடட்டும், மெஷினுக்கு எதுக்குச் சிரமம்"பார். 2022ல அவருக்கு நுரையீரல் தொந்தரவு வந்து வீட்டுல ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வச்சோம், காத்துலேருந்து ஆக்சிஜனைப் பிரிச்சுக் கொடுக்கிற மெஷின், கரண்ட்லதான் ஓடும். அதுக்கப்புறம் அந்த வேலை என் தலையில. நானும் ஒரு வாரம் தப்பவிடலை. தினசரி காலண்டர் அட்டையில டிக் அடிச்சு வச்சிருக்கேன், வேணும்னா போட்டோ போடுறேன்.

இப்ப கதைக்கு வர்றேன். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை, ஃபெஞ்சல் புயல். மத்தியானமே கரண்ட் போயிடுச்சு. இன்வெர்ட்டர்ல கான்சென்ட்ரேட்டர், ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு. ராத்திரி எட்டு மணிக்கு இன்வெர்ட்டர் கூவ ஆரம்பிச்சுது. குடையைப் பிடிச்சுக்கிட்டு ஷெட்டுக்குப் போய் சாவியைத் திருப்பினேன். மூணாவது தடவை பிடிச்சுது. ஆனா வெள்ளைப் புகை, கண்ணு எரியற மாதிரி. லைட்டு மங்குது, பிரகாசமாகுது, மங்குது. ஜெனரேட்டர் ஓடிக்கிட்டிருக்கு, இன்வெர்ட்டரோ சார்ஜே ஏத்த மாட்டேங்குது. நாப்பது நிமிஷம் கழிச்சு மேல் தொட்டிக்குத் தண்ணி ஏத்தலாம்னு ஒரு ஹெச்பி மோட்டாரைப் போட்டேன். 'டொக்'குன்னு இருமிட்டு நின்னுடுச்சு. மறுபடி சாவி திருப்பினா 'டிக் டிக்'குன்னு சத்தம் மட்டும்.

டார்ச் அடிச்சுப் பார்த்தேன். சைலன்சர் குழாய் வாயிலேருந்து தார் மாதிரி கருப்பா ஒழுகி, தரையில ஒரு தோசை அகலத்துக்குத் தேங்கி நிக்குது. விரல்ல தொட்டா பிசுபிசுன்னு டீசல் வாடை.

அன்னிக்கு ராத்திரி பின் தெருவுல இருக்கிற ஒரு நர்ஸ் அக்கா, அவங்க மாமியாருக்கு வாங்கி வச்சிருந்த ஆக்சிஜன் சிலிண்டரைக் கொடுத்தாங்க. முழங்கால் தண்ணியில நானும் என் மச்சானும் தூக்கிட்டு வந்தோம். அப்பா அந்த ராத்திரியைத் தாண்டினது அதாலதான். இதுக்கு மேல எழுத வரலை.

என்னோட கேள்வி இதுதான். பன்னெண்டு வருஷமா வாரா வாரம் டெஸ்ட் பண்ணின மெஷின் எப்படி இப்படி ஆகும்? ஹவர் மீட்டர்ல மொத்தமே 213 மணி நேரம்தான். ஒரு மெக்கானிக் வந்து பார்த்துட்டு "இன்ஜின் போச்சு, எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துடுங்க"ன்னுட்டார். அவர் மேல எனக்கு நம்பிக்கை வரலை, பெட்டிக் கதவைக் கூட முழுசாத் திறக்கலை அவர்.

லித்தியம் பிரியன் எழுதியது:

இந்தக் காலத்துல எதுக்குங்க டீசல்? எடைக்குப் போட்டுட்டு லித்தியம் பேட்டரியும் மாடியில சோலாரும் போடுங்க. புகை இல்லை, சத்தம் இல்லை.

கூத்தப்பாக்கம் வாசி எழுதியது:

போடலாம் சார், மறுக்கலை. ஆனா ஃபெஞ்சல் வந்து மூணு நாள் சூரியனைப் பார்க்கவே இல்லை. சோலார் வந்தாலும் இது ஒண்ணு பின்னாடி நிக்கணும்னு நினைக்கிறேன்.

பழைய டீசல் எழுதியது:

சார், திருப்பாப்புலியூர்ல பட்டறை. முப்பது வருஷமா கையில டீசல் வாடை. நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். இன்ஜின் போகலை. போயிருந்தா மூணாவது திருப்புல பிடிச்சிருக்காது.

உங்க மெஷினைக் கெடுத்தது அந்த அஞ்சு நிமிஷம்தான். கோச்சுக்காதீங்க, கணக்குப் போட்டுக் காட்டுறேன். வருஷத்துக்கு 52 ஸ்டார்ட். ஓடினது மொத்தம் 260 நிமிஷம், அதாவது நாலு மணி இருபது நிமிஷம். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் செல்ஃப் மோட்டார் பேட்டரியிலேருந்து ஒரு பெரிய வாய் உறிஞ்சுது. அதைத் திருப்பி நிரப்ப அஞ்சு நிமிஷம் எங்க போதும்? சின்ன மெஷின்ல சார்ஜிங் காயில் கொடுக்கிறதே சொட்டுச் சொட்டாத்தான். வாரா வாரம் கடன் வாங்கிக்கிட்டே இருந்திருக்கீங்க.

அடுத்தது அந்தத் தார். பெட்ரோல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் இருக்கு. டீசலுக்குக் காத்தை அழுத்தி வர்ற சூடுதான் தீக்குச்சி. லோடே இல்லாம ஓட்டினா சிலிண்டர் சூடாகவே ஆகாது. தெளிக்கிற டீசல்ல பாதி எரியும், மீதி கரியும் பிசினுமா, டீசலைத் தெளிக்கிற நாசில் முனையிலயும் வால்வுலயும் சைலன்சர்லயும் ஒட்டிக்கும். கொஞ்சம் பிஸ்டன் ரிங் வழியாக் கீழ இறங்கி ஆயில்ல கலந்துடும். வெளிநாட்டுக்காரன் இதுக்கு 'வெட் ஸ்டேக்கிங்'னு பேர் வச்சிருக்கான். ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்க. டீசல் வாடை அடிச்சாலோ, அளவு கோட்டுக்கு மேல ஏறி இருந்தாலோ நான் சொல்றதுதான். ஆயில் டீ கலர்ல நுரைச்சிருந்தா அது வேற, தண்ணி. எரியறப்ப உண்டாகிற ஈரம் சூடு இல்லாததால ஆவியாப் போகாம உள்ளயே தங்கிடும். அதுக்கும் அஞ்சு நிமிஷ ஓட்டம்தான் காரணம்.

உங்க அப்பா மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். மெஷின் மேல பாசம் அதிகம், அதனால வேலை கொடுக்க மாட்டாங்க. மாட்டுக்கும் டீசலுக்கும் அது ஆகாது சார்.

சரி, இப்ப செய்ய வேண்டியது. முதல்ல டேங்க்ல இருக்கிற டீசல். ஃபில்டர் அடியில இருக்கிற வடிகால் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டில்ல கால் லிட்டர் பிடிங்க. ஒரு மணி நேரம் ஆட்டாம வைங்க. அடியில தண்ணி தனியாப் பிரிஞ்சு நிக்கும், நடுவுல கொழகொழன்னு பழுப்பா ஒரு படலம் தெரிஞ்சா பூஞ்சை பிடிச்சிருக்குன்னு அர்த்தம். நம்ம ஊர் ஈரக் காத்துக்குப் பாதி டேங்க்ல வச்சா உள்பக்கச் சுவர்ல வேர்த்துத் தண்ணி இறங்கும். அதனால எப்பவும் முக்கால் டேங்குக்கு மேல இருக்கட்டும். பழசை எல்லாம் இறக்கிட்டுப் புதுசு ஊத்துங்க, ஃபில்டரை மாத்துங்க. மாத்தினா லைன்ல காத்துப் புகுந்திருக்கும், ஏர் எடுக்காம ஸ்டார்ட் பண்ணி பேட்டரியைச் சாவடிக்காதீங்க.

நாசிலைக் கழட்டி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, பம்ப் கடைக்காரர் எவரும் செய்வார். பனி மாதிரி தெளிக்கணும், மூக்கு ஒழுகற மாதிரி சொட்டக் கூடாது.

அதுக்கப்புறம்தான் லோடு. 5 கேவிஏன்னா உங்களுக்குக் கிடைக்கிறது 4 கிலோவாட். கான்சென்ட்ரேட்டர் 350 வாட் சுமார், அது இந்த மெஷினுக்கு ஒரு கொசு. முதல்ல இஸ்திரிப் பெட்டி ஒண்ணு, ஆயிரம் வாட், இருபது நிமிஷம். அடுத்து அதை எடுத்துட்டு பாத்ரூம் ஹீட்டர், ரெண்டாயிரம் வாட், அரை மணி. அப்புறம் ரெண்டையும் சேர்த்து, முக்கால் லோடுல ஒரு மணி நேரம். ஹீட்டர் தண்ணி கொதிச்சுக் கட் ஆயிடும், ஆளைப் போட்டுக் குழாயைத் திறந்து விட்டுக்கிட்டே இருங்க. சைலன்சர்ல இருக்கிற கரி உருகி எரியும், பொறி கூட வரலாம். பக்கத்துல காஞ்ச ஓலை, துணி எதுவும் இருக்கக் கூடாது, ஒரு பக்கெட் மணல் வச்சுக்கிட்டு கூடவே நில்லுங்க. வெள்ளைப் புகை போகப் போகத் தெளிஞ்சா பிழைச்சீங்க. நீலப் புகை நிக்கவே இல்லைன்னா ரிங் வேலை, பட்டறைக்குக் கொண்டாங்க. இதெல்லாம் முடிஞ்ச சூட்டோட ஆயிலை மாத்திடுங்க.

இன்வெர்ட்டர் ஏன் ஏத்தலைன்னா, பின்னாடி ஒரு ஸ்விட்ச் இருக்கும், யூபிஎஸ், நார்மல்னு. யூபிஎஸ்ல வச்சிருந்தா கொஞ்சம் அலைபாயற கரண்டைக் கூட அது வாங்காது. ஜெனரேட்டர் ஓடுறப்ப நார்மலுக்கு மாத்துங்க.

மோட்டார் போட்டதும் நின்னது பத்தி: ஒரு ஹெச்பி மோட்டார் கிளம்பற அந்த நொடியில ஓடுறதைப் போல அஞ்சாறு மடங்கு இழுக்கும். நல்ல மெஷின்னா முனகிட்டுத் தாங்கிடும். கரி பிடிச்ச மெஷின் எப்படித் தாங்கும்.

இனிமே வாரா வாரம் வேணாம். மாசம் ஒரு தடவை, அரை மணி நேரம், மூணுல ஒரு பங்கு லோடுக்குக் குறையாம. உங்க வீட்டுல சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற பழக்கம் இருக்கா? இருந்தா வேலை சுலபம். மாசத்துல முதல் சனிக்கிழமை மெயினை இறக்கிட்டு ஜெனரேட்டர்ல ஹீட்டரைப் போடுங்க. பாதி லோடு ஆச்சு, வெந்நீரும் ஆச்சு.

லாஸ்பேட்டை மாடித்தோட்டம் எழுதியது:

புதுச்சேரியிலிருந்து. எங்களிடம் இருப்பது பெட்ரோல், 2.8 கேவிஏ, கயிறு இழுக்கிற ரகம். டீசல் இல்லை என்றாலும் இந்த இழையைப் படித்ததும் என் கதை ஞாபகம் வந்தது.

ஃபெஞ்சலில் இங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. என் மெஷினை அதற்கு முன் எட்டு மாதம் தொடவில்லை. இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தபோது அடியில் தேன்பாகு மாதிரி மஞ்சள் பிசின், பெட்ரோல் வருகிற ஜெட் துளை ஊசி நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதிக நாள் வைத்தால் தண்ணீர் தனியே பிரிந்துவிடும். அதனால் நான் இப்போது செய்வது: மாதம் ஒரு நாள் கிரைண்டர், மிக்ஸி, இஸ்திரி எல்லாம் இதிலேயே. முடிக்கும்போது சாவியை அணைப்பதில்லை. பெட்ரோல் வால்வை மூடிவிட்டுத் தானாக நிற்கும் வரை ஓடவிடுகிறேன். கிண்ணம் காலியாகிவிடும்.

இன்னொன்று. அன்று மழைக்குப் பயந்து மெஷினை சிட் அவுட்டில் வைத்து ஓட்டினோம். அரை மணியில் எனக்கும் பிள்ளைக்கும் தலைவலி, குமட்டல். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, பெட்ரோல் வாடை வராததால் பயமில்லை என்று நினைத்துவிட்டோம். கீழ்வீட்டு அண்ணன் வந்து கத்திய பிறகுதான் வெளியே தள்ளினோம். கூத்தப்பாக்கம் சார், உங்கள் ஷெட்டிலிருந்து அப்பாவின் ஜன்னல் எவ்வளவு தூரம் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவருக்கு நுரையீரல் வேறு.

கம்பம் ஏறியவர் எழுதியது:

தம்பி, மின்வாரியத்தில் முப்பத்திரண்டு ஆண்டு லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறீர்கள். "மெயினை இறக்கிட்டு" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், அங்கேதான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. உங்கள் வீட்டில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச், அதாவது ஒரு நேரத்தில் தெரு லைனையோ ஜெனரேட்டரையோ ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கிற சுவிட்ச், இருக்கிறதா, இல்லை மெயினை இறக்கிவிட்டு ஒரு பிளக்கைச் சுவரில் சொருகுகிறீர்களா?

ஒருநாள் மெயினை இறக்க மறந்தால் உங்கள் 230 வோல்ட் தெருவுக்குப் போகும். டிரான்ஸ்பார்மருக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒன்றுதான், அந்தப் பக்கம் 11 ஆயிரம் வோல்ட்டாக ஏற்றிவிடும். தானே சமயத்தில் ஒடிந்த கம்பங்களில் ஏறும்போது, சப்ளை இல்லை என்று தெரிந்தும், கம்பியைத் தரையோடு இணைக்கிற டிஸ்சார்ஜ் ராடைக் கம்பியில் மாட்டாமல் நாங்கள் கை வைத்ததில்லை. எந்த வீட்டில் ஜெனரேட்டர் உறுமுகிறது என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஏணியை வைப்போம்.

நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிற சுவிட்சாக இருக்கட்டும். எர்த் குழியில் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கடல் காற்றில் எர்த் கம்பி இணைப்புத் துருப்பிடித்திருக்கும், தேய்த்து இறுக்குங்கள்.

பழைய டீசல் எழுதியது:

பெரியவர் சொல்றது நூத்துக்கு நூறு. நான் சேஞ்ச் ஓவர் இருக்கும்னு நினைச்சுச் சொல்லிட்டேன், என் தப்பு.

கூத்தப்பாக்கம் வாசி எழுதியது:

போகிக்கு முந்தின சனிக்கிழமை வேலை முடிஞ்சுது. அப்பவே எழுதணும்னு நினைச்சேன், பொங்கல் வேலையில தள்ளிப் போச்சு.

சேஞ்ச் ஓவர் இருக்கு ஐயா, அப்பா அப்பவே போட்டுட்டார். ஆனா திறந்து பார்த்தா நியூட்ரல் நேரா ஜாயின்ட் அடிச்சிருந்தாங்க. மாத்தியாச்சு. எர்த் கம்பி நட்டைத் தொட்டதும் கையோட பொடியா வந்துடுச்சு.

பாட்டில் சோதனை செஞ்சேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல பிடிச்சு ஜன்னல்ல வச்சேன். ஒரு மணி நேரத்துல அடியில ரெண்டு விரல் தண்ணி. மேல கள்ளு மாதிரி கலங்கல். அதைப் பார்த்துட்டு என் பையன் ஸ்கூலுக்குக் கொண்டு போகணும்னு அடம்பிடிச்சான்.

பேட்டரியை மல்டிமீட்டர்ல பார்த்தா சும்மா இருக்கிறப்ப 12.1. செல்ஃப் அடிக்கிறப்ப 7.8க்கு விழுது. புதுசு போட்டாச்சு, கூடவே பேட்டரியை மெதுவா நிரப்பிக்கிட்டே இருக்கிற ஒரு சின்ன டிரிக்கிள் சார்ஜரும். இப்ப சும்மா 12.7, செல்ஃப் அடிக்கிறப்ப பத்தரைக்குக் கீழ இறங்கலை.

நாசில் மூக்கு ஒழுகத்தான் செஞ்சுது. புது முனை போட்டோம். பெட்டியைப் பிரிச்சப்ப ஏர் ஃபில்டர் பக்கத்துல அணில் ஒண்ணு தேங்கா நாரும் என் மனைவியோட பழைய ரவிக்கைத் துணியும் வச்சு வீடே கட்டியிருந்தது. சைலன்சர் வாயோரமா குளவி மண் பூசியிருந்தது, பாதி அடைப்பு. வாரா வாரம் அஞ்சு நிமிஷம் ஓடியும் அதுங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லை போல.

அப்புறம் இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், ரெண்டும் சேர்த்துன்னு நீங்க சொன்ன வரிசையிலயே. முதல் அரை மணி நேரம் புகையில தெருவே இருமுச்சு, எதிர் வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்துட்டுக் கதவைச் சாத்திட்டாங்க. முக்கால் லோடு ஏத்தின பத்தாவது நிமிஷம் சைலன்சர்லேருந்து நாலஞ்சு பொறி பறந்துச்சு. மணல் பக்கெட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதுக்கப்புறம் சத்தமே மாறிடுச்சு. இரும்பு உரல்ல இடிச்ச மாதிரி இருந்தது, சீரா ஒரே தாளத்துக்கு வந்துச்சு. புகை கண்ணுக்குத் தெரியலை. லோடு இல்லாம 52 ஹெர்ட்ஸ், ரெண்டும் போட்டா 50க்குப் பக்கத்துல, வோல்டேஜ் 228. மோட்டாரையும் தனியாப் போட்டுப் பார்த்தேன், லைட்டு ஒரு தடவை கண் சிமிட்டுச்சு, அவ்வளவுதான்.

சும்மா ஓடின வெந்நீர் வீணாப் போகுதேன்னு அப்பாவுக்கு எண்ணெய் தேய்ச்சுவிட்டேன். ஆக்சிஜன் குழாயோட பாத்ரூம் வாசல்ல முக்காலி போட்டு. ரெண்டு மாசம் கழிச்சு தலைக்கு ஊத்திக்கிட்டார். இன்ஜின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "நான்தான் கெடுத்துட்டேனாடா?"ன்னார். இல்லப்பா, டீசல் பழசுன்னேன். பழைய டீசல் அண்ணே, மன்னிச்சுடுங்க, உங்க பேரை இழுக்கலை.

லாஸ்பேட்டை அம்மா கேட்ட ஜன்னல்: எட்டடிதான் இருந்தது. புகைக் குழாயைப் பின் மதில் பக்கமாத் திருப்பி நீட்டியிருக்கோம், மேல மழை மூடி போட்டு. குழாய் நீளம் கூடினா இன்ஜினுக்கு மூச்சு முட்டாதா? வளைவு ஒண்ணுதான் வச்சிருக்கேன்.

பழைய டீசல் எழுதியது:

ஒரு வளைவுக்கு ஒண்ணும் ஆகாது, குழாய் மட்டும் சைலன்சர் வாயை விட ஒல்லியா இருக்கக் கூடாது. அடியில ஒரு சின்ன வடிகால் ஓட்டை போட்டுடுங்க, மழைத் தண்ணி உள்ள திரும்பாது. எல்லாம் சொன்னீங்க, ஆயில் மாத்தினீங்களா?

கூத்தப்பாக்கம் வாசி எழுதியது:

நாளைக்கு.

பழைய டீசல் எழுதியது:

இன்னிக்கு.